சக்தி கிடைத்த அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளை என்ன செய்தது?

13 வயதுப் பையனின் அம்மா ஒருவர் கேட்டிருந்தார்: "என் மகனுக்கு சூப்பர் ஹீரோ கதைகள் என்றால் உயிர். அதிலும் அவன் வயதுப் பிள்ளைகளுக்கு சக்தி கிடைக்கிற கதைகளாகத் தேடிப் படிக்கிறான். ஏன் இவர்கள் எல்லாருக்கும் இந்த வயதிலேயே சக்தி வருகிறது? இதில் உருப்படியானது எது, வெறும் அடிதடி எது என்று எப்படிப் பிரிப்பது? எதை முதலில் வாங்கிக் கொடுக்கலாம்?"

முப்பது வருடமாக இந்தக் கதைகளைப் படித்து வருகிறேன். ஆரம்பித்தபோது எனக்கும் உங்கள் மகன் வயதுதான். இரண்டு வரியில் முடிகிற பதில் என்னிடம் இல்லை, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நல்ல கதையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். சக்தி கிடைத்த அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்ப்பேன். வில்லனோடு மோதுவது, நகரத்தைக் காப்பாற்றுவது எல்லாம் அப்புறம் வருகிற விஷயங்கள், அவை எல்லாக் கதையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அந்த முதல் சில மணி நேரம் மட்டும் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. பணத்துக்கு ஏங்கிய பிள்ளை பணத்தைத் தேடிப் போகும். அவமானப்பட்ட பிள்ளை பழிவாங்கப் போகும். பயந்த பிள்ளை போர்வைக்குள் ஒளியும். அதுவரை அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கையில் என்ன குறை இருந்தது என்பது அந்த ஒரு சாயங்காலத்தில் தெரிந்துவிடும். அதைப் பற்றி யோசிக்காமல் நேராக உடையை மாட்டிப் பறக்கவிடுகிற எழுத்தாளர், பதின்வயதைப் பற்றி எழுதவே இல்லை என்பேன்.

இதை வைத்துக்கொண்டு முதலில் ஒரு பழைய கதைக்குப் போவோம். 1940இல் அமெரிக்காவில் ஃபாசெட் நிறுவனம் வெளியிட்ட 'விஸ் காமிக்ஸ்' இதழில் பில்லி பாட்சன் வந்தான். அனாதைப் பையன். சொத்தைப் பிடுங்கிக்கொண்டு மாமா வீட்டை விட்டுத் துரத்திவிட, சுரங்க ரயில் நிலையத்து வாசலில் செய்தித்தாள் விற்கிறான். மந்திரவாதி ஒருவர் அவனுக்கு 'ஷஸாம்' என்ற சொல்லைக் கொடுக்கிறார். அந்தச் சொல்லைச் சொன்னால் மின்னல் இறங்கும், பையன் இருந்த இடத்தில் கேப்டன் மார்வெல் என்ற வாட்டசாட்டமான ஆள் நிற்பான். சரி, அந்தச் சக்தியை வைத்துப் பில்லி முதலில் என்ன கேட்கிறான்? வேலை. விஞ்ஞானி ஒருவனின் சதியை அம்பலப்படுத்தினால் எனக்கு வானொலியில் வேலை தருவீர்களா என்று நிலையத்து முதலாளியிடம் பேசி, வாங்கியும் விடுகிறான். பொருளாதார மந்தத்தில் வளர்ந்த அமெரிக்கப் பையன்கள் அந்த இதழை ஏன் அப்படி வாங்கினார்கள் என்பது இதைப் படித்தால் புரியும். 1940களில் சூப்பர்மேனையே மிஞ்சி விற்ற காலம் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சக்தி வேண்டும் என்றால் பில்லி பெரிய மனிதனாக மாறியாக வேண்டும். பையனாக இருந்துகொண்டே பலசாலியாக இருக்க அந்தக் கதையில் இடமில்லை. அதே 1940இல் வந்த ராபினுக்கோ சக்தியே கிடையாது, பேட்மேன் பின்னால் ஓடுகிற கூட்டாளி. விடலைப் பையன் என்றால் யாராவது பெரியவருக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும் என்பது அநேகமாக எழுதாத சட்டம்.

அதை உடைத்தது 1962 ஆகஸ்ட் தேதியிட்டு வந்த 'அமேசிங் ஃபேன்டசி' 15ஆம் இதழ். கதை ஸ்டான் லீ, ஓவியம் ஸ்டீவ் டிட்கோ. ஸ்பைடர்மேன் முதன்முதலாக வந்தது அதில்தான், மொத்தம் 11 பக்கம். பையன் கதாநாயகனா, அதுவும் சிலந்தியா என்று பதிப்பாளர் மார்ட்டின் குட்மேன் தயங்கியதாக லீ பல முறை சொல்லியிருக்கிறார். பத்திரிகையும் அந்த இதழோடு நின்றுபோனது. அந்த 11 பக்கத்தைக் கொஞ்சம் மெதுவாகப் புரட்டலாம், ஏனென்றால் நான் சொல்கிற சாயங்காலத்தை அதைவிடச் சரியாக எழுதியவர்கள் குறைவு.

பீட்டர் பார்க்கர் நியூயார்க்கில் பெரியப்பா பென், பெரியம்மா மே வீட்டில் வளர்கிற பள்ளிக்கூடப் பையன். படிப்பில் கெட்டி. வகுப்பில் யாரும் கூட்டுச் சேர்த்துக்கொள்வதில்லை. கதிரியக்கம் பற்றிய அறிவியல் கண்காட்சிக்கு வருகிறீர்களா என்று கூப்பிட்டுப் பார்க்கிறான், கேலி செய்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். தனியாகப் போகிறான். கதிர்களுக்கு நடுவே இறங்கிய ஒரு சிலந்தி அவன் கையில் கடித்துவிட்டுச் செத்துப்போகிறது. தலை சுற்ற வெளியே வந்தவன் மேல் கார் ஒன்று மோத வருகிறது, பயத்தில் எகிறியவன் சுவரில் ஒட்டிக்கொள்கிறான். ஏறி மாடிக்குப் போகிறான். அங்கே இருந்த இரும்புக் குழாய் அவன் பிடியில் காகிதம் போல நசுங்குகிறது.

இனிமேல்தான் முக்கியம். கீழே இறங்கி நடக்கும்போது ஓர் அறிவிப்பு கண்ணில் படுகிறது. மல்யுத்த மேடையில் 3 நிமிடம் தாக்குப்பிடித்தால் 100 டாலர். போகிறான். போகும் முன் முகத்தை மூடிக்கொள்கிறான். எதற்காக? இன்றைக்குச் சின்னக் குழந்தையைக் கேட்டால்கூட, எதிரிகளுக்கு அடையாளம் தெரியாமல் இருக்க என்று சொல்லும். அந்தக் கட்டத்தில் பீட்டர் நினைப்பது வேறு. ஒருவேளை தோற்றுவிட்டால் எல்லாரும் சிரிப்பார்களே என்று பயப்படுகிறான். இரும்பை நசுக்கிய கை, வகுப்பறைச் சிரிப்புக்கு அஞ்சித் துணியைத் தேடுகிறது. இந்த ஒரு கட்டத்துக்காகவே ஸ்பைடர்மேனை எனக்குப் பிடிக்கும். 15 வயதை அனுபவித்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

அதற்கப்புறம் தொலைக்காட்சி வாய்ப்பு, உடை, வலை எறியும் கருவி. வலை அவன் உடம்பில் ஊறுவது கிடையாது, அவனே செய்தது. படிப்பாளிப் பையன் இல்லையா. நிகழ்ச்சி முடிந்து நிற்கும்போது ஒரு திருடன் ஓடி வருகிறான், பின்னால் காவலர் பிடி பிடி என்று கத்துகிறார். பீட்டர் ஒதுங்கி நிற்கிறான். இனி எனக்கு என்னைப் பற்றி மட்டும்தான் கவலை என்கிறான். சில நாள் கழித்து வீட்டு வாசலில் போலீஸ் நிற்கிறது. பெரியப்பாவைத் திருடன் ஒருவன் சுட்டுவிட்டான். கிடங்கில் போய்ப் பிடித்து முகத்தைப் பார்த்தால், அன்றைக்கு ஓடவிட்ட அதே முகம். பெரிய சக்தியோடு பெரிய பொறுப்பும் வரும் என்ற அந்தப் பிரபலமான வரியை பென் பெரியப்பா சொன்னதாகத்தான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த 11 பக்கத்தில் அவர் அதைச் சொல்லவே இல்லை. கடைசிக் கட்டத்தில், பையன் இருட்டில் தனியாக நடந்து போகும்போது, கதைசொல்லியின் வாசகமாக வருகிறது. அறிவுரை சொல்ல வேண்டியவர் போய்ச் சேர்ந்த பிறகு வருவதால்தான் அது அவ்வளவு கனக்கிறது.

1963இல் தனித்தொடர் ஆரம்பித்தபோது முதல் இதழின் பிரச்சினை என்ன தெரியுமா? வாடகை. பென் இல்லாத வீட்டில் காசு இல்லை. மே பெரியம்மா தன் நகையை அடகு வைப்பதை பீட்டர் பார்த்துவிடுகிறான். ஸ்பைடர்மேனாக நிகழ்ச்சி நடத்திக் காசோலை வாங்கி வங்கிக்குப் போகிறான், ஸ்பைடர்மேன் என்ற பெயருக்கு அடையாள அட்டை எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சுவரில் ஏறுகிறவனால் அடகுக்கடையிலிருந்து நகையை மீட்க முடியவில்லை. இந்த இரண்டு இதழ்களையும் அடுத்தடுத்துப் படித்தால், அதுவரை வந்த சூப்பர் ஹீரோக்களிடமிருந்து இந்தப் பையன் எங்கே விலகினான் என்று கையில் பிடித்துப் பார்க்கலாம்.

இப்போது உங்கள் முதல் கேள்வி: ஏன் இந்த வயதிலேயே?

அதற்கு நேரடியான பதில் 'எக்ஸ்-மென்' தொடரில் இருக்கிறது. 1963 செப்டம்பர் தேதியிட்ட முதல் இதழ், லீயும் ஜாக் கர்பியும் உருவாக்கியது. காமா கதிர், காஸ்மிக் கதிர், கதிரியக்கச் சிலந்தி என்று ஒவ்வொரு ஹீரோவுக்கும் ஒரு விபத்தைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து அலுத்துப்போய், இவர்கள் பிறக்கும்போதே இப்படித்தான் என்று வைத்துவிட்டதாக லீ பின்னால் சொன்னார். ஆனால் பிறவிச் சக்தி என்றால் தொட்டிலிலேயே தெரிந்திருக்குமே? அதனால் அந்தத் தொடரில் ஒரு விதி வேரூன்றியது: சக்தி உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும், பருவமடையும்போது விழித்துக்கொள்ளும். எழுத்தாளரின் வசதிக்காக வந்த விதி, அந்த வயதின் உண்மையோடு அச்சாகப் பொருந்திவிட்டது. குரல் உடைகிறது, முகத்தில் பரு வருகிறது, நேற்றுவரை சொன்ன பேச்சைக் கேட்ட உடம்பு இன்று கேட்பதில்லை. யாரிடமும் கேட்காமல் வருகிறது, வேண்டாம் என்றால் போகாது. அந்த அணியில் சைக்ளாப்ஸ் என்ற பையன் கண்ணைத் திறந்தால் எதிரே இருப்பது உடையும், ஆகவே சிவப்புப் படிகக் கண்ணாடி இல்லாமல் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியாது. கூச்சம் பிடித்த பதின்வயதுப் பையனுக்கு இதைவிடப் பொருத்தமான சக்தி உண்டா?

ஆரம்பத்தில் இந்தத் தொடர் பெரிதாகப் போகவில்லை. 1970களின் தொடக்கத்தில் புதுக்கதை இல்லாமல் பழையதையே மறுபடி அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். 1975இல் எழுத்தாளர் லென் வீனும் ஓவியர் டேவ் காக்ரமும் அதற்கு உயிர் கொடுத்தார்கள், அப்புறம் 16 வருடம் எழுதியவர் கிறிஸ் கிளேர்மான்ட். அவருக்குத்தான் அந்த முதல் நாளின் அருமை தெரிந்திருந்தது. அவர் ஓவியர் ஜான் பைர்னோடு உருவாக்கிய கிட்டி பிரைடைப் பாருங்கள், 1980இல் வந்த 129ஆம் இதழ். இல்லினாய் மாநிலத்தில் டீர்ஃபீல்ட் என்ற ஊர், பதின்மூன்றரை வயதுப் பெண். வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. சில நாளாக அவளுக்கு மண்டையைப் பிளக்கிற தலைவலி. மாடியில் தன் அறையில் கட்டிலில் படுத்து வலியில் துடிக்கிறாள். கண் விழித்துப் பார்த்தால் கீழே கூடத்துத் தரையில் கிடக்கிறாள். மேலே கூரையில் ஓட்டை இல்லை, கீறல்கூட இல்லை. கட்டிலையும் தளத்தையும் ஊடுருவி விழுந்திருக்கிறாள். பிரியப்போகிற பெற்றோரின் வீட்டில், காலுக்குக் கீழே தரை நிற்காமல் போன பெண். கிளேர்மான்ட் இதை எங்கேயும் விளக்கிச் சொல்லவில்லை.

ரோக் என்ற பெண்ணின் கதை இன்னும் கொடுமை. 1981இல் வில்லியாக வந்தவள், அவளுடைய பழைய கதையைப் பின்னால் சொன்னார்கள். விடலை வயதில், மிசிசிப்பியில், ஒரு பையனுக்கு முதல் முத்தம் கொடுக்கிறாள். அவனுடைய நினைவுகள் எல்லாம் அவள் தலைக்குள் பாய்ந்துவிடுகின்றன, அவன் நினைவு தப்பிக் கிடக்கிறான். அதற்குப் பிறகு கையுறை இல்லாமல் யாரையும் சாதாரணமாகத் தொட அவளால் முடிவதில்லை.

1982இல் கிளேர்மான்ட்டும் பாப் மெக்லியாடும் கொண்டுவந்த 'நியூ மியூட்டன்ட்ஸ்' அணியில் சாம் கத்ரி என்று ஒரு பையன் உண்டு. அவனை யாரும் முதல் வரிசையில் வைத்துப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். கென்டக்கி மாநிலத்து நிலக்கரிச் சுரங்கக் குடும்பம். அப்பா இறந்துபோக, மேல்படிப்பு ஆசையை மூட்டை கட்டிவிட்டு, தம்பி தங்கைகளுக்காக அதே சுரங்கத்தில் இறங்குகிறான். சுரங்கம் சரிகிறது. மூச்சு முட்டுகிற அந்த நேரத்தில்தான் அவன் உடம்பு பீரங்கிக் குண்டு போல வெடித்துக் கிளம்புகிறது, கூட மாட்டிக்கொண்டவரையும் இழுத்துக்கொண்டு வெளியே வருகிறான். தலைமகனாகப் பிறந்து, படிப்பை விட்டு வேலைக்குப் போன யாரைக் கேட்டாலும் சாமை அடையாளம் சொல்வார்கள்.

எக்ஸ்-மென் கதை பல தரப்பினருக்கும் தங்கள் கதையாகப் பட்டதற்கும் இதுதான் காரணம். உள்ளே ஒன்று மாறுகிறது, வீட்டில் எப்படிச் சொல்வது? 2003இல் வந்த இரண்டாவது படத்தில், பனியை உண்டாக்கும் பாபி தன் பெற்றோரைக் கூடத்தில் உட்காரவைத்து உண்மையைச் சொல்வான். அவன் அம்மா, அப்படி இல்லாமல் இருக்க முயற்சி செய்து பார்த்தாயா என்று கேட்பார். கெட்ட அம்மா இல்லை, பயந்துபோன அம்மா. தன்பால் ஈர்ப்பை வீட்டில் சொன்ன பிள்ளைகள் பலர் இந்தக் கேள்வியைக் காதாரக் கேட்டிருக்கிறார்கள், படம் எடுத்தவர்களுக்கும் அது தெரிந்தே இருந்தது.

எல்லாப் பிள்ளைக்கும் அந்த முதல் நாள் நல்லபடியாக முடிவதில்லை. அந்தப் பக்கத்தில் இரண்டு கதைகள் உச்சம். ஒன்று 1974இல் வந்த 'கேரி', ஸ்டீவன் கிங்கின் முதலில் அச்சான நாவல். பள்ளிக் குளியலறையில் ஒரு பெண் பெரியவளாகிறாள். மதவெறி பிடித்த அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வளர்க்கவில்லை, ஆகவே செத்துப்போகப் போகிறோம் என்று அலறுகிறாள். கூடப் படிக்கிறவர்கள் சுற்றி நின்று நாப்கின்களை அவள் மேல் எறிகிறார்கள். சின்ன வயதில் ஒரு முறை தலைகாட்டிய சக்தி அன்று திரும்புகிறது. பள்ளி அலுவலக அறையில் அவள் பெயரையே தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் ஒரு பொறுப்பாளர், மேசையில் இருந்த சாம்பல் கிண்ணம் தானாகக் கீழே விழுகிறது. அந்த நேரத்தில் ஒருவராவது அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த ஊர் பிழைத்திருக்கும். ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான் தொடர்கிறேன்.

இன்னொன்று ஜப்பானின் 'அகிரா', கட்சுஹிரோ ஓட்டோமோ 1982 முதல் 1990 வரை வரைந்தது, 1988இல் படமாகவும் வந்தது. டெட்சுவோ என்ற பையன் சின்ன வயதிலிருந்தே நண்பன் கனேடாவின் நிழலில் இருந்தவன். அடி விழும்போதெல்லாம் கனேடா வந்து காப்பாற்றுவான், காப்பாற்றப்படுவதே டெட்சுவோவுக்கு அவமானம். படத்தில், உள்ளே ஏதோ மாறியதும் ஆஸ்பத்திரியிலிருந்து தப்பித்து அவன் முதலில் எடுப்பது கனேடாவின் சிவப்பு மோட்டார் சைக்கிளை. ஓட்டத் தெரியாமல் வண்டி நின்றுவிடுகிறது. ஊரையே சிதைக்கப் போகிறவனின் முதல் ஆசை, நண்பனின் வண்டி.

துப்பாக்கியையும் இந்த வரிசையில் சேர்த்தது 1993இல் வந்த 'ஸ்டாட்டிக்'. கறுப்பினக் கலைஞர்கள் சேர்ந்து தொடங்கிய மைல்ஸ்டோன் நிறுவனத்தின் தொடர், முன்னின்றவர்களில் ஒருவர் டுவேய்ன் மெக்டஃபி. 15 வயது வெர்ஜில் ஹாக்கின்ஸ், தன்னை அடித்து அவமானப்படுத்தியவனைச் சுடுவதற்காகக் கையில் துப்பாக்கியோடு, ரவுடிக் கும்பல்கள் மோதிக்கொள்ளும் இடத்துக்குப் போகிறான். முடியவில்லை, துப்பாக்கியைத் தூக்கி எறிகிறான். அப்போது போலீஸ் வீசுகிற கண்ணீர்ப்புகையில் கலந்திருந்த ரசாயனத்தால்தான் அவனுக்கு மின்சக்தி வருகிறது. அதாவது, கையில் இருந்த ஒரு சக்தியை வேண்டாம் என்று விட்ட பிறகுதான் இன்னொன்று கிடைக்கிறது. அந்த வரிசையை மாற்றிப் போட்டிருந்தால் கதை ஒன்றுமில்லாமல் போயிருக்கும்.

மைல்ஸ் மொராலெஸை உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும், 2018இல் வந்த அனிமேஷன் படம் ஆஸ்கர் வாங்கியது. பிரையன் மைக்கேல் பெண்டிஸும் சாரா பிச்செல்லியும் 2011இல் உருவாக்கிய இன்னொரு ஸ்பைடர்மேன், 13 வயதுப் பையன். காமிக்ஸில் அவனுக்கு சக்தி வந்ததும் செய்வது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. நண்பன் கான்கேயிடம் மட்டும் சொல்கிறான். எரிகிற கட்டடத்திலிருந்து ஒரு பெண் குழந்தையைக் காப்பாற்றிவிட்டு உடம்பு வெலவெலத்துப் போய், எனக்கு இதெல்லாம் வேண்டாம் என்று விலகுகிறான். அந்தக் கதையுலகத்தில் பீட்டர் பார்க்கர் சாகும்போதுதான், நான் ஒளிந்திருக்காவிட்டால் உதவியிருப்பேனே என்று குத்துகிறது. பீட்டரின் குற்றம் திமிரில் வந்தது, மைல்ஸினுடையது பயத்தில் வந்தது. இரண்டாவதுதான் பெரும்பாலான பிள்ளைகளிடம் இருப்பது.

ஜப்பானின் 'மை ஹீரோ அகாடெமியா' (கோஹெய் ஹோரிகோஷி, 2014 முதல் 2024 வரை) வேறு கோணம். அந்த உலகத்தில் 10 பேரில் 8 பேருக்கு சக்தி உண்டு, அதுவும் 4 வயதுக்குள் வந்துவிடும். கதாநாயகன் மிடோரியாவுக்கு வரவில்லை. நானும் ஹீரோ ஆக முடியுமா என்று குழந்தை கேட்கும்போது அவன் அம்மா கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டு அழுகிறார். அவன் கேட்க விரும்பியது அந்த மன்னிப்பை இல்லை. 14 வயதில் ஒரு பெரிய ஹீரோ தன் சக்தியை அவனுக்குத் தரச் சம்மதிக்கிறார், அதற்கு உடம்பைத் தயார் செய்ய 10 மாதம் கடற்கரைக் குப்பையை அள்ளுகிறான். கிடைத்த சக்தியை நுழைவுத் தேர்வில் முதல் தடவை பயன்படுத்தியதும் இரண்டு காலும் ஒரு கையும் உடைகின்றன. இந்தத் தொடரில் சண்டை நீளம்தான், நடுவில் இழுவையும் உண்டு. ஆனாலும் உழைப்பையும் உடம்பின் எல்லையையும் இவ்வளவு நேர்மையாகக் காட்டுவதால் கொடுக்கலாம் என்பேன்.

இடையில் ஒன்று. முத்து, லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் வீட்டில் இருந்தால், ஸ்பைடர் என்றதும் வேறொருவரைச் சொல்வார்கள். அது பிரிட்டிஷ் இதழ்களிலிருந்து தமிழுக்கு வந்த ஸ்பைடர், குற்ற உலகச் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று கிளம்பிய முரட்டு ஆள். சூப்பர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல் அவருக்குக் கதை எழுதியிருக்கிறார். இரும்புக்கை மாயாவியும் வளர்ந்த ஆள்தான். தமிழில் நாங்கள் கொண்டாடிய ஹீரோக்களிடம் எங்கள் வயது இருந்ததே இல்லை. 2023இல் வந்த 'வீரன்' படத்தில் பள்ளி வயதில் மின்னல் தாக்கி சக்தி வருகிறது, ஆனால் பையன் சிங்கப்பூர் போய் வளர்ந்து இளைஞனாக ஊர் திரும்பும்போதுதான் கதை சூடு பிடிக்கிறது. சக்தியோடு அவன் கழித்த அந்த விடலை வருடங்களை யாராவது தமிழில் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சரி, எதை முதலில் கொடுப்பது? அந்த 11 பக்க ஸ்பைடர்மேன் கதை. அரை மணி நேரம் போதும். பழைய அச்சு, வசனம் கொஞ்சம் நாடகத்தனமாக இருக்கும், பரவாயில்லை. அடுத்து மைல்ஸ், பிறகு மிடோரியா. கிட்டி பிரைட் வரும் இதழ் ஒரு நீண்ட, கனமான கதையின் தொடக்கம், அதற்கு ஒரு வருடம் போகட்டும். கேரியையும் அகிராவையும் 17 வயது வரை தள்ளி வையுங்கள், இரண்டிலும் கொடூரம் அதிகம்.

கமலா கானைக் கடைசிக்கு வைத்தேன், அதை நீங்களும் அவனோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்பதற்காக. 2014இல் மார்வெல் தொடங்கிய 'மிஸ் மார்வெல்' தொடர். எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், வரைந்தவர் ஏட்ரியன் அல்ஃபோனா, பாத்திரம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர் பதிப்பாசிரியர் சனா அமானத். முதல் தொகுப்பு 2015இல் அறிவியல் புனைகதைகளுக்கான ஹியூகோ விருது வாங்கியது. ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்தின் 16 வயதுப் பெண். கடையில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சை வாங்காமல் வாசனை மட்டும் பிடித்து நிற்பதில் கதை ஆரம்பிக்கிறது. வீட்டில் அனுமதி கிடைக்காமல் ராத்திரி ஜன்னல் வழியாக இறங்கி ஒரு பார்ட்டிக்குப் போகிறாள். ஆரஞ்சு ஜூஸில் மது கலந்து கொடுத்து ஏமாற்றுகிறார்கள், கோபத்தில் திரும்பி நடக்கும்போது, அவளுக்கு சக்தி தரப்போகிற மூடுபனி சூழ்கிறது. மயக்கத்தில் அவளுடைய ஆதர்ச நாயகி கேப்டன் மார்வெல் (பில்லியின் ஆள் இல்லை, அதே பெயரில் மார்வெல் நிறுவனத்துக்கு உள்ள பெண் ஹீரோ) தோன்றி, அமீர் குஸ்ரோவின் பாடலைச் சொல்கிறார். தூக்கத்தில் நமக்கு நம் வீட்டு மொழிதானே வரும்.

யாராக ஆக வேண்டும் என்ற கேள்விக்கு அவள் சொல்வது: அந்த வெள்ளைக்கார, பொன்னிறக் கூந்தல் பெண்ணாக. விழித்தால் அப்படியே ஆகியிருக்கிறாள். அந்த ராத்திரியிலேயே, தன்னை எப்போதும் மட்டம் தட்டும் ஸோயி என்ற பெண் தண்ணீரில் விழுந்து மூழ்குவதைப் பார்க்கிறாள். ஓர் உயிரைக் காப்பாற்றியவர் மனிதகுலம் முழுவதையும் காப்பாற்றியவர் போல என்று அப்பா அடிக்கடி சொல்லும் குர்ஆன் வசனம் நினைவுக்கு வருகிறது. கையைப் பெரிதாக்கி அவளை அள்ளி எடுக்கிறாள். அவள் ஆசைப்பட்ட உருவமோ தொல்லையாக இருக்கிறது. முடி வாயில் விழுகிறது, காலணி வலிக்கிறது, உடை ஏறிக்கொள்கிறது. இன்னொருத்தியாக இருப்பது களைப்பாக இருக்கிறது என்று கண்டுகொள்கிறாள். பிறகு தனக்கென்று உடை தேடும்போது, வீட்டில் கிடந்த புர்கினியை எடுத்துத் தைத்துக்கொள்கிறாள். உடம்பை மூடுகிற நீச்சல் உடை ஹீரோ உடையாகிறது.

தொகுப்பு முழுக்க அவள் வீட்டுக்குப் பொய் சொல்லிக்கொண்டே இருப்பாள், திட்டு வாங்குவாள், வெளியே போகத் தடை விழும். தொடர் கொஞ்ச தூரம் போன பிறகு, உலகமே முடியப் போகிறது என்ற நிலையில், அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடத் துணிகிறாள். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. பையன்களோடு சுற்றவோ குடிக்கவோ இல்லாமல் அடுத்தவருக்கு உதவத்தான் என் மகள் திருட்டுத்தனமாக வெளியே போகிறாள் என்றால், நல்ல பிள்ளையை வளர்த்திருக்கிறேன் என்று கடவுளுக்கு நன்றி சொல்வேன் என்கிறாள் அந்த அம்மா. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழும் அந்தப் பக்கத்தை உங்கள் மகன் முதலில் படிக்கட்டும், அப்புறம் நீங்கள் வாங்கிப் படியுங்கள்.